நீ குப்பை என்று தூக்கிய கோப்புறை

தம்பி,

போன மாதம் நீ மெல்பேர்னிலிருந்து எடுத்துக் கதைத்தபோது நான் இடையில் பேச்சில்லாமல் இருந்துவிட்டேன். “அம்மா, லைன் கட்டாகிட்டுதோ?” என்று இரண்டு முறை கேட்டாய். லைன் கட்டாகவில்லை. நீ சொன்ன ஒரு வசனம் எனக்குள் சிக்கிக்கொண்டது. “வெள்ளவத்தை வீட்டைக் குடுத்திட்டு இஞ்சை வாங்கோ அம்மா. சாமான் சக்கட்டைப் பற்றி யோசியாதேங்கோ. நான் ஒரு கிழமை லீவு போட்டு வந்து, முக்கியமானதெல்லாம் பாத்து எடுக்கிறன்” என்றாய். முக்கியமானதை நீ பார்த்து எடுப்பது எப்படி என்று நான் ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்டேன் தம்பி. அதைத்தான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சொன்னால் நீ ஸொறி என்பாய், நானும் பரவாயில்லை என்பேன், கதை முடிந்துவிடும். அது முடியக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு, அந்த முதலாம் வருடத் திதிக்கு வந்தாயே, அந்தக் கிழமையிலிருந்து தொடங்குகிறேன். வந்த மறுநாளே அப்பாவின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாய். அது திறக்கப் பிந்தியது உனக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா இது, மாட்டு வண்டில் மாதிரி இழுபடுது. வைரஸும் இருக்கு. முழுக்கத் துடைச்சுப் புதுசாப் போட்டுத் தாறன்” என்றாய். உள்ளே இருப்பதெல்லாம் என்னவாகும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். “என்ரை வேலையே இதுதானம்மா. எல்லாம் பேக்கப் எடுத்திட்டுத்தான் துடைப்பன். ஒண்டும் போகாது” என்றாய். உன் கம்பனிக்காரர் தங்கள் கணக்கு வழக்கெல்லாம் உன்னை நம்பித்தானே ஒப்படைத்திருக்கிறார்கள். பெற்றவள் நம்பமாட்டாளா? நம்பினேன். நம்பிவிட்டுத் திவசத்துக்கு மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போனேன்.

நீ கவனமில்லாமல் செய்தாய் என்று சொல்லமாட்டேன். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு டிஸ்க் கொண்டு வந்திருந்தாய். எல்லாவற்றையும் முதலில் அதற்குள் ஏற்றினாய், பிறகு கணினியைத் துடைத்தாய், புதிதாக விண்டோஸ் போட்டாய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கினாய். நல்ல சாமானைத் துடைத்துத் துடைத்து அலுமாரியில் அடுக்குகிற மாதிரி அடுக்கினாய். திவசத்தன்று ஐயர் வந்து தர்ப்பையும் எள்ளும் எடுத்து வைத்துவிட்டார். நீ வேட்டியோடு கணினிக்கு முன்னால் நின்று, அந்தப் பச்சைக் கோடு நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “தம்பி, வாரும், நேரம் போகுது” என்று ஐயர் கூப்பிட்டார். “ஒரு நிமிசம் ஐயா, இது முடியட்டும்” என்றாய். தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வந்த பிள்ளை கோடு முடியும்வரை தகப்பனைக் காக்கவைத்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு அடிப்பிடித்தது.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். படங்கள் வருடவாரியாக இருந்தன. வீட்டு உறுதிப் பத்திரம், பென்சன் கடிதங்கள், என் வைத்திய அறிக்கைகள், பஞ்சாங்கம், நான் விளையாடும் சீட்டு விளையாட்டுக்கூட வந்திருந்தது. “பாத்தீங்களே, எல்லாம் வந்திட்டுது” என்றாய். கணினி திறக்கும் இடத்தில் முன்பு அப்பாவின் பெயர் இருக்கும். இப்போது என் பெயர் மட்டும் இருந்தது. அவருடைய பெயர் எங்கே என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னாய்: “அவர் இனிப் பாவிக்கப் போறேல்லைத்தானே அம்மா.” உண்மைதான். பொய்யாக நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பொரளைக் கனத்தைச் சுடலையில் அவரை வைத்துவிட்டு வந்த அன்றுகூட யாரும் அவ்வளவு பச்சையாக எனக்கு அதைச் சொல்லவில்லை.

மறுநாள் உனக்கு விமானம். “இருந்து ஒண்டைப் பாத்திட்டுப் போ, உனக்குக் காட்ட ஒரு சாமான் இருக்கு” என்றேன். “அடுத்தமுறை அம்மா, இப்ப நேரமில்லை” என்றாய். நீ போய்ச் சில நாட்கள் கழித்து, வீடு அடங்கிய ஒரு மத்தியானம், நானே திறந்தேன். ‘கதை’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டு அப்பா ஒரு கோப்புறை வைத்திருந்தார். அதைக் காணவில்லை. நீ வருடவாரியாக அடுக்கிய எல்லாவற்றுக்குள்ளும் தேடினேன். உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ வேலையில் இருந்தாய். யோசித்துவிட்டுச் சொன்னாய். “ஓ, அதுவா? அது முழுக்கக் கரப்ட் அம்மா. திரும்ப இறக்கினாப் பிறகு திறந்து பாத்தனான், எல்லாம் குப்பை. ஆங்கில எழுத்தும் கொமாவும் புள்ளியுமா என்னவோ. வைரஸ் அடிச்சிருக்கு. மற்றதுக்கும் பரவும் எண்டுதான் தூக்கினனான்” என்றாய். டிஸ்கில் இருக்குமே என்றேன். அதையும் துடைத்து அங்கே வேறு வேலைக்கு எடுத்துவிட்டதாகச் சொன்னாய். பிறகு, “நல்லகாலம் நான் திறந்து பாத்தது” என்றும் சொன்னாய்.

அது குப்பையில்லை, அது பாமினி. அப்பா அரசாங்கத் திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலம் முழுக்கத் தமிழ் அடித்த பாமினி எழுத்து. நீ புதிதாகப் போட்ட விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லை. படத்தையும் உறுதியையும் சீட்டு விளையாட்டையும் திரும்பக் கொண்டு வந்தவன், அந்த ஒரு எழுத்துருவைக் கொண்டு வர மறந்தாய். அது இல்லாமல் திறந்தால் எம், கே, ஒரு அரைப்புள்ளி, பிறகு கே, எச் என்றுதான் தெரியும். உன் கண்ணுக்கு அது வைரஸ். பாமினியைப் போட்டுப் பார்த்தால் அது ‘அம்மா’.

உனக்கு இது தெரியாதென்றால் என் மனம் இவ்வளவு எரியாது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தபோது உன் பள்ளிக்கூடத் தமிழ் விழாவுக்கு அப்பா அழைப்பிதழ் அடித்துத் தந்தார். அதை அச்சடிக்கக் கோயில் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். “அப்பா, பழுதாப் போச்சு” என்று நீ அழுதுவிட்டாய். அப்பா சிரித்து உன்னைத் தூக்கி மேசையில் இருத்தினார். “பழுதாகேல்லையடா. ஆள் குளிச்சுப்போட்டுச் சட்டையில்லாமல் நிக்குது. சட்டையைப் போட்டுவிடுவம், பிறகு ஆரெண்டு தெரியும்” என்றார். எழுத்துருவை மாற்றியதும் தமிழ் வந்தது. நீ கைதட்டினாய். வீடுவரை ‘சட்டையில்லாத தமிழ், சட்டையில்லாத தமிழ்’ என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அதையும் மறந்துவிட்டாய். உனக்கு எத்தனையோ படிப்பு, அதற்குள் இது எங்கே தங்கும்.

அந்தக் கோப்புறையில் என்ன இருந்தது என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அப்பாவுக்குக் குரல் போனது உனக்குத் தெரியும். அதை நீ தொலைபேசியில் தெரிந்துகொண்டாய், நான் வீட்டில் தெரிந்துகொண்டேன். முதலில் கொப்பியில் எழுதிக் காட்டினார். கை நடுங்கியது, எழுத்து எனக்கு விளங்கவில்லை, அவருக்குக் கோபம் வந்தது. ஒருநாள் பேனையை எறிந்துவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கை நடுங்கினாலும் விரலுக்கு விசை தெரிந்திருந்தது. அன்றிலிருந்து நாங்கள் அப்படித்தான் கதைத்தோம். அவர் அடிப்பார், நான் பின்னால் நின்று வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வேன். என் பாதி காற்றோடு போனது. அவருடைய பாதி முழுக்க அந்தக் கோப்புறையில் இருந்தது. சேவ் செய்யாமல் ஒரு பக்கத்தையும் மூடமாட்டார், திணைக்களத்துப் பழக்கம்.

பெரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. ‘இண்டைக்குத் தேத்தண்ணி வெந்நீர் மாதிரி.’ ‘ரயில் போனாப் பிறகு சன்னலைத் திறவும்.’ ‘மேல்வீட்டுக்காரி திரும்பவும் உடுப்புத் தண்ணியை எங்கடை பல்கனியிலை விடுறா, போய்ச் சொல்லும்.’ நான் அவரோடு உரத்துக் கதைக்கத் தொடங்கிவிட்டேன் போல. ஒருநாள் அடித்தார்: ‘எனக்குப் போனது குரல். காது நல்லாத்தான் கேக்குது. நீர் ஏன் கத்துறீர்?’ அதை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் தோள் குலுங்கியது. சண்டை பிடித்தால் எழுத்தைப் பெரிதாக்குவார். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சொல் வருமளவுக்குப் பெரிதாக்கி ‘வேண்டாம்’ என்று அடித்த நாளும் இருந்தது. கஞ்சி வேண்டாமாம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினோம், அவர் அவ்வளவு கதைத்தது அந்தக் கடைசிக் காலத்தில்தான்.

உனக்குச் சொன்னதும் அதற்குள்தான் இருந்தது, தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுப்பாய். “அப்பா எப்பிடி இருக்கிறார்?” என்பாய். அவர் அவசர அவசரமாக அடிப்பார், நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசித்துச் சொல்வேன். அடிக்க நேரம் எடுக்கும். “பொறு, அப்பா அடிக்கிறார்” என்பேன். “மீற்றிங் இருக்கம்மா, பிறகு எடுக்கிறன், அப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ” என்று வைத்துவிடுவாய். நீ வைத்த பிறகும் அவர் நிறுத்தமாட்டார். “அவன் வைச்சிட்டான், ஆருக்கு அடிக்கிறீங்கள்?” என்று முதல்முறை கேட்டேன். திரையில் வந்தது: ‘வசனம் முடியேல்லை.’ முடித்து, சேவ் செய்துவிட்டுத்தான் எழும்பினார். அப்படி எத்தனையோ ஞாயிறு. உனக்காகத் தொடங்கி, நீ போன பிறகு முடித்த வசனங்கள். அதைத்தான் திவசம் முடிந்து காட்டலாம் என்று இருந்தேன். அதைத்தான் நீ திறந்து பார்த்துக் குப்பை என்றாய்.

அது அப்பாவுடையது என்று சொன்னதும் நீ ஸொறி சொன்னாய், இல்லையென்று சொல்லவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்றும் சொன்னாய்: “படமெல்லாம் இருக்குத்தானே அம்மா.” ஓம், இருக்கிறது. படத்தில் அவர் கதைக்கிறாரா? கல்யாண வீட்டுப் படங்களில் வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். அந்த மனிசன் வாய் திறந்தது நீ துடைத்த இடத்தில் மட்டும்தான்.

கணினியைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்குப் போனேன். சந்தைக்குக் கிட்ட ஒரு கடைத்தொகுதியில் கணினி திருத்துகிற ஒருவர் இருக்கிறார், முஸ்லிம் ஆள், உன் வயதிருக்கும். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். “அன்ரி, பழசு ஈந்த எடத்துக்கு மேலால புதுசு ஏறீக்கிது. எடுக்க ஏலா. டிஸ்க்ல ஈந்தா சான்ஸ் ஈந்திச்சு” என்றார். பழசு இருந்த இடத்தில் புதியது ஏறிவிட்டதாம், இனி எடுக்க முடியாதாம். காசு வேண்டாம் என்றார், நான் கொடுத்துவிட்டு வந்தேன். நடந்து வரும்போது ஒழுங்கை முனையில், கடல் தெரியும் இடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். தெரிந்தவர் யாரோ, “ஏன் அக்கா, சுகமில்லையோ?” என்று கேட்டார். கணினி பழுதாகிவிட்டது என்றேன். அதற்கு ஏன் ஒரு பெண் றோட்டில் நின்று அழுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

உப்பில்லாவிட்டால் தெரியும் உப்பின் அருமை, அப்பன் இல்லாவிட்டால் தெரியும் அப்பன் அருமை என்பார்கள். உன் விஷயத்தில் அது பிழையாகிவிட்டது. ஆனாலும் நீ கெட்ட பிள்ளையில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவன் என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மனதை ஆற்றியிருப்பேன். நீ மாதாமாதம் அனுப்புகிறாய், மருந்து முடிந்ததா என்று கேட்கிறாய், குளிருக்குச் சால்வை வாங்கி வைத்திருக்கிறாய். எல்லாம் செய்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்பதை மட்டும் செய்வதில்லை. உன் தலைக்குள் இருக்கிற பதிலை எடுத்துக்கொண்டு வந்து, அதை எனக்கு நல்லது என்று தருகிறாய். எதையாவது அழிக்கப் போனால் அந்த இயந்திரம்கூட ‘நிச்சயமா?’ என்று ஒருமுறை கேட்கிறது. நீ அதற்கு ஓம் என்று அமத்தினாய். அடுப்படி எட்டடி தூரம். “அம்மா, இது என்ன?” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

உன் பெண்சாதியோடும் பிள்ளையோடும் நீ இப்படி இருக்காதே. உனக்கு விளங்காததெல்லாம் பழுதானது என்று முடிவு கட்டாதே. நாளைக்கு உன் மகள் உனக்குப் பிடிபடாத ஏதோ ஒரு மாதிரிக் கதைத்தால், அவளிடமே கேள். வயது போனவர்கள் வைத்திருக்கும் சாமானைத் தொடும் முன் கேள். இதைச் சொல்ல ஒரு தாய் வேண்டுமா என்று நீ நினைக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதும் தெரியும். எனக்குக் கெட்டது கெட்டதுதான். உனக்கு இன்னும் கெட நிறைய இருக்கிறது.

இனி வீட்டுக் கதை. இந்த வீட்டில் நீ முக்கியம் என்று எடுக்கக்கூடியது என்ன என்று சுற்றிப் பார்த்தேன். உறுதி, நகை, சாமிப் படம், உன் பட்டமளிப்புப் படம். மிச்சமெல்லாம் உன் கணக்கில் குப்பை. ரயில் போகும்போது அவர் சாத்தச் சொல்லும் சன்னலை நீ எதில் ஏற்றுவாய்? இந்த விசைப்பலகையில் ‘ம’ வரும் விசை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அவர் அடித்த ஓம்-இலும் வேண்டாம்-இலும் அந்த எழுத்து இருந்தது. நீ வந்தால் முதலில் இதை எறிந்துவிட்டுப் புதுசு வாங்கித் தருவாய். வரமாட்டேன் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. இங்கே தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் நீ பார்த்து எடுக்கிற சாமானில் ஒன்றாக நான் வரமாட்டேன். என்னிடம் கேட்டு எடுக்கிறாயா என்று பார்க்கவேண்டும்.

அதற்காக ஒரு வேலை செய்திருக்கிறேன். அந்தக் கடைக்குத் திரும்பப் போய்ப் பாமினியைப் போடுவித்தேன். “இப்ப ஆரும் பாவிக்கிறல்ல அன்ரி, லேசானது ஒண்டு போட்டுத் தாரன்” என்றார். வேண்டாம், பாமினியே போடுங்கோ என்றேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் எனக்கு விசைகள் பிடிபட்டிருந்தன. இந்தக் கடிதத்தைக் கிழமைக் கணக்காகத் தட்டித் தட்டி அடித்திருக்கிறேன். இதை மின்னஞ்சலில் வைத்து, வேறு ஒரு சொல்லும் எழுதாமல் உனக்கு அனுப்பப்போகிறேன். உன் கணினியில் இது எப்படித் தெரியும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் ஒருகாலம் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ எடுப்பாய். “அம்மா, நீங்கள் அனுப்பினது கரப்ட்” என்று சொன்னால், ஓம் தம்பி, பழுதாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு, என்ன சமையல் என்று கேட்பேன். வீட்டைப் பற்றி நீ மறுபடி கேட்டால், இங்கேயே இருக்கிறேன் என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன். “அம்மா, இது என்ன?” என்று கேட்டால், சட்டையைப் போட்டுப் பார் என்பேன். நீ இதை வாசிக்கிறாய் என்றால், கேட்டிருக்கிறாய். அப்படியென்றால் எனக்குத் திரும்ப எடு, மீற்றிங் இல்லாத நேரமாகப் பார்த்து எடு. நீ வைத்த பிறகு அப்பா உனக்கு முடித்த வசனங்களில் சில எனக்கு மனப்பாடம். சொல்கிறேன்.

என் வசனம் முடிந்தது. சேவ் செய்துவிட்டு எழும்புகிறேன்.

அம்மா